வேலை உறுதியும் ஆண்டுச் செலவு வரம்பும்

மத்திய அரசின் வரவு-செலவுத் திட்டம் என்றாலே பிப்ரவரி முதல் தேதியன்று பாராளுமன்றத்தில் படிக்கப்படும் உரைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. மறுநாள் செய்தித்தாள்களில் எந்தத் துறைக்கு எத்தனை கோடி என்ற பட்டியல் வெளியாகிறது; அத்துடன் பொதுமக்களின் கவனம் வேறு பக்கம் திரும்பி விடுகிறது. ஆனால் அன்று குறிக்கப்படும் தொகை ஆண்டு முழுவதும் அப்படியே நிற்பதில்லை. செலவு குறைந்தால் தொகை திரும்ப ஒப்படைக்கப்படுகிறது. செலவு கூடினால் பாராளுமன்றத்தின் முன் மீண்டும் சென்று நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு துறையின் செலவு வரம்பை நடு ஆண்டில் திருத்தி அமைக்கும் இந்த இரண்டாவது நடவடிக்கை, முதலாவதைவிட முக்கியமானதாக ஆகிவிடும் துறைகளும் உண்டு. வேலைவாய்ப்பு அளிக்கும் துறை அவற்றுள் தலையானது.

அரசியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பற்றியும், 113ஆம் பிரிவு மானியக் கோரிக்கைகளைப் பற்றியும் பேசுகின்றன. கோரிக்கைக்கு மக்களவை இசைவு தந்த பிறகு, 114ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறினாலன்றித் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. ஒதுக்கியது போதாமற் போனால் 115ஆம் பிரிவின்படி துணை மானியம் கோரலாம். இத்துணைக் கோரிக்கைகளிலும் வேறுபாடு உண்டு. சில, பெயருக்கு ஒரு சிறு தொகையைக் காட்டிப் புதிய செலவினத்துக்கு அனுமதி கேட்பவை. சில, அதே மானியத்தில் வேறிடத்தில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு ஈடுகட்டப்படுபவை. மூன்றாவது வகையில்தான் கஜானாவிலிருந்து புதிதாகப் பணம் வெளியேறுகிறது. நிதி அமைச்சகம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதும் இதைத்தான்.

துறைக்குள்ளேயே ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்குப் பணத்தை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் ஒரு மானியத்திலிருந்து இன்னொரு மானியத்துக்கு மாற்ற இயலாது. வருவாய்க் கணக்கிலிருந்து மூலதனக் கணக்குக்கும் மாற்ற இயலாது. பக்கத்து அமைச்சகத்தில் பணம் தூங்கிக் கிடந்தாலும் இந்த அமைச்சகத்தின் கூலியாளுக்கு அது பயன்படாது என்பது இதன் பொருள். அவசரத்துக்கு 267ஆம் பிரிவின் கீழ் எதிர்பாராச் செலவு நிதி இருக்கிறது. நெடுங்காலம் 500 கோடி ரூபாயாக இருந்த அந்த நிதி 2021இல் 30,000 கோடியாக உயர்த்தப்பட்டது. அதிலிருந்து எடுத்ததையும் பின்னர்த் துணை மானியத்தின் மூலம் நிரப்பியாக வேண்டும்.

காத்திருக்க முடியாத செலவு

பாலம் கட்டும் துறைக்கு ஒதுக்கிய பணம் டிசம்பரில் தீர்ந்து போனால், பாலம் நான்கு மாதம் தாமதப்படும். அது நஷ்டந்தான், எனினும் சட்ட மீறல் அல்ல. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் வேறு வகையான கடமையை அரசின் மீது சுமத்தியது. உடலுழைப்புக்கு முன்வரும் எந்தக் கிராமக் குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 100 நாள் வேலை என்பதும், கேட்ட 15 நாளுக்குள் வேலை என்பதும், தவறினால் வேலையில்லாப் படி என்பதும் அச்சட்டத்தின் உயிர்நாடிகள். அந்தப் படி முதல் 30 நாளுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்குக்கும், அதன் பின் பாதிக்கும் குறையலாகாது. வேலை செய்தவருக்கு 15 நாளுக்குள் கூலி சேர வேண்டும். உடலுழைப்புக் கூலி முழுவதையும் பொருட்செலவில் நான்கில் மூன்று பங்குவரையும் மத்திய அரசு ஏற்றது. வேலையில்லாப் படி மாநில அரசின் பொறுப்பாக இருந்தது.

2006 பிப்ரவரி 2ஆம் தேதி ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் தொடங்கி, முதலில் 200 மாவட்டங்களில் செயல்பட்ட இத்திட்டம் 2008 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் விரிந்தது. 2009இல் மகாத்மா காந்தியின் பெயரை ஏற்றது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு வழங்கிய பெயர் நூறு நாள் வேலை என்பதே.

இவ்வாறான சட்டத்தில் செலவை நிர்ணயிப்பவர் யார்? வேலை கேட்பவர்தான். மழை பொய்த்தால் கேட்பவர் கூடுவர். நல்ல விளைச்சலில் குறைவர். டிசம்பர் மாதத்தில் மாவட்ட அதிகாரி அடுத்த ஆண்டுக்கான தொழிலாளர் மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. அப்போது அவர் கையில் இருப்பது சென்ற ஆண்டின் கணக்கும் ஓர் ஊகமுமே. வரப்போகும் பருவமழையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே பிப்ரவரியில் குறிக்கப்படும் தொகை மதிப்பீடாகத்தான் இருக்க முடியும். அதை வரம்பாக நடத்தத் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது.

ஏழு ஆண்டுகளின் கணக்கு

எண்களைப் பார்த்தால் இது விளங்கும். 2017-18இல் வரவு-செலவு மதிப்பீடு ரூ. 48,000 கோடி, திருத்திய மதிப்பீடு 55,000 கோடி. 2018-19இல் 55,000 கோடி 61,084 கோடி ஆயிற்று. அடுத்த ஆண்டு 60,000 கோடியில் தொடங்கி 71,002 கோடியில் முடிந்தது. 2020-21 விதிவிலக்கான ஆண்டு. கொள்ளை நோயின்போது நகரங்களிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் ஊர் திரும்பினார்கள். 61,500 கோடி என்ற மதிப்பீட்டுக்கு மேல் 40,000 கோடி தரப்படும் என்று 2020 மே 17ஆம் தேதி நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். திருத்திய மதிப்பீடு 1,11,500 கோடியைத் தொட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 7.55 கோடிக் குடும்பங்கள் வேலை பெற்றன. 389 கோடி மனித நாட்கள் உருவாயின. நெருக்கடியில் இந்த அமைப்பு எவ்வளவு விரிய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வரம்பு தளர்ந்தது நிதியாண்டின் இரண்டாம் மாதத்திலேயே என்பதும் கவனிக்கத்தக்கது.

நோய் தணிந்த பின்னும் தேவை தணிந்துவிடவில்லை. 2021-22இல் 73,000 கோடி 98,000 கோடியாயிற்று. 2022-23இல் அதே 73,000 கோடி 89,400 கோடியாயிற்று. 2023-24இல் நடந்ததோ வியப்புக்குரியது. முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டைவிட 29,400 கோடி குறைத்து, 60,000 கோடி மட்டுமே ஒதுக்கப்பட்டது. ஊரக வளர்ச்சித் துறை கேட்டிருந்தது 98,000 கோடி. பாராளுமன்ற நிலைக்குழு இக்குறைப்பைப் பற்றிக் கவலை தெரிவித்தபோது, இது தேவை வழி இயங்கும் திட்டம், தேவைப்படும்போது நிதி அமைச்சகத்திடம் கேட்டுப் பெறலாம் என்பது துறையின் விடையாக இருந்தது. 2023 டிசம்பரின் துணை மானியக் கோரிக்கையில் 14,524 கோடி சேர்ந்தது. திருத்திய மதிப்பீடு 86,000 கோடி. கடைசியில் செலவானது 89,000 கோடிக்கும் மேல்.

ஏழு ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட முதல் மதிப்பீடு நிலைக்கவில்லை. அதோடு 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து வரவு-செலவுத் திட்டங்களிலும் தொடக்கத் தொகை, முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டுக்குக் கீழேயே குறிக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஏற்றி, பிப்ரவரியில் இறக்கி, மறு குளிர்காலத்தில் மீண்டும் ஏற்றும் வழக்கம் இது. ஒருமுறை நடந்தால் மதிப்பீட்டுப் பிழை எனலாம். ஏழுமுறை நடந்தால் அதை முறை என்றே கொள்ள வேண்டும். ஆண்டின் நிதிப் பற்றாக்குறையைத் தொடக்கத்தில் சிறிதாகக் காட்டுவதற்கு இது உதவுகிறது என்று பொருளாதார அறிஞர்கள் கூறுவதைத் தள்ளிவிடுவது எளிதன்று.

தேவை வழி என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சட்டத்தில் அது தொழிலாளியின் உரிமையைக் குறித்தது. கோப்புகளிலோ, தொகை ஏன் குறைவு என்ற கேள்விக்கும், தொகை ஏன் தாமதம் என்ற கேள்விக்கும் ஒரே விடையாகப் பயன்பட்டு வந்தது.

தாமதத்தின் விலை

முடிவில் பணம் வந்து சேர்கிறதே, இடையில் சில மாதம் தள்ளிப்போனால் என்ன என்று கேட்கப்படலாம். இதற்கு விடை காணக் கூலி எவ்வழியே செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பணித்தளத்தில் வருகைப் பட்டியல் முடிந்ததும் வேலை அளவெடுக்கப்பட்டு, கூலி கணக்கிடப்பட்டு, நிதிப் பரிமாற்ற ஆணை கையொப்பமாகிறது. இது முதல் கட்டம். மாநில நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த ஆணையை ஏற்று மத்தியக் கணக்கிலிருந்து தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவது இரண்டாம் கட்டம். மின்னணு முறை வந்த பின் முதல் கட்டம் பல மாநிலங்களில் விரைவடைந்தது. ஆனால் மத்திய இனத்தில் பணம் தீர்ந்துவிட்டால், ஆணை எவ்வளவு விரைவாகக் கையொப்பமானாலும் அது அங்கேயே நின்றுவிடும்.

2024-25ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஏழாண்டு வழக்கத்துக்கு மாறாக அவ்வாண்டில் 86,000 கோடி என்ற முதல் மதிப்பீடு உயர்த்தப்படவே இல்லை. திருத்திய மதிப்பீடும் 86,000 கோடிதான். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், மாநிலத்துக்கு வர வேண்டிய கூலி நிலுவை 1,056 கோடி ரூபாய் என்று பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. அப்போது தமிழ்நாட்டில் நாட்கூலி 319 ரூபாய். பதினான்கு நாள் மண் வெட்டிய ஒருவருக்கு வர வேண்டியது 4,466 ரூபாய். பதினாறாம் நாள் முதல் நாளொன்றுக்கு 0.05 சதவிகிதம் தாமத இழப்பீடு என்பது விதி. அதன்படி ஒரு மாதத் தாமதத்துக்கு அவருக்குக் கிடைக்கக்கூடியது சுமார் 67 ரூபாய். அதே மாதத்தில் அரிசிக்கும் பிள்ளையின் மருந்துக்கும் அந்தத் தொகையை அவர் வெளியில் கடன் வாங்கினால், நூற்றுக்கு மூன்று வட்டி என்றாலும் 134 ரூபாய். கிராமங்களில் நூற்றுக்கு ஐந்தும் அரிதன்று. அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவர்களின் பட்டியலில் நாட்டின் மிக ஏழைக் குடும்பங்கள் சேர்ந்துவிடுகின்றன என்று இதைச் சொன்னால் மிகையாகாது. இரண்டாம் கட்டத் தாமதத்துக்கும் மத்திய அரசே பொறுப்பு என்று 2018 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இங்கே நினைவுகூரத்தக்கது.

இதனினும் ஆழமான கேடு ஒன்று உண்டு. சித்திரை, வைகாசியில் செய்த வேலைக்கு ஆடி கழிந்தும் கூலி வராத ஊரில், அடுத்த முறை வேலை கேட்டு மனுக் கொடுப்பவர் குறைந்து போகிறார்கள். கையில் காசு தரும் வேலை எதுவாயினும், கூலி குறைவானாலும், அதற்குச் சென்றுவிடுகிறார்கள். சிலர் ஊரைவிட்டே போகிறார்கள். நிலுவை பெருகும்போது ஊராட்சி அலுவலர்களும் புதிய வேலையைத் திறக்கத் தயங்குகிறார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டு தேதியிட்ட ரசீது தருவதையும் தவிர்க்கிறார்கள், ஏனெனில் ரசீது தந்தால் 15 நாள் கணக்கு தொடங்கிவிடும். ஆண்டு முடிவில் கணக்கெடுத்தால் தேவை குறைந்திருப்பதாகத் தெரியும். அந்தக் குறைந்த எண்ணே அடுத்த டிசம்பரின் மதிப்பீட்டுக்கு அடிப்படையாகும். ஒதுக்கீடு குறைந்ததால் குறைந்த தேவை, ஒதுக்கீட்டைக் குறைப்பதற்குக் காரணமாகக் காட்டப்படும்.

நிதி அமைச்சகத்தின் வாதம்

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பணத்தை முன்கூட்டியே கொட்டினால் அது மாநிலக் கணக்குகளில் தேங்கிக் கிடக்கும்; அதற்கும் மத்திய அரசு கடன் வாங்கி வட்டி கட்டியாக வேண்டும். போலி வருகைப் பட்டியல்கள், இயந்திரம் செய்த வேலைக்கு மனிதக் கூலி, ஒரே குளத்தை ஆண்டுதோறும் தூர்வாருதல் போன்ற புகார்கள் வெறும் கற்பனையல்ல. சமூகத் தணிக்கைகளே பலவற்றை வெளிக்கொணர்ந்திருக்கின்றன. மார்ச் மாதத்து அவசரச் செலவைத் தடுக்கவே, கடைசிக் காலாண்டில் ஆண்டு ஒதுக்கீட்டின் 33 சதவிகிதத்துக்கும் மார்ச்சில் 15 சதவிகிதத்துக்கும் மேற்படக் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாத் துறைகளுக்கும் விதிக்கப்பட்டிருந்தது. மாத, காலாண்டுச் செலவுத் திட்டமும் அவ்வகையில் எழுந்ததே.

தேவை வழி இயங்குவது என்பதால் வேலை உறுதித் திட்டத்துக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது. 2025-26ஆம் ஆண்டில் அந்த விலக்கு நீங்கி, முதல் ஆறு மாதச் செலவு ஆண்டு ஒதுக்கீட்டில் 60 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று நிர்ணயிக்கப்பட்டது. 86,000 கோடியில் அது 51,600 கோடி. ஆண்டின் பாதிக்கு ஐந்தில் மூன்று பங்கு என்பது முதல் பார்வையில் தாராளமாகவே தோன்றும். ஆனால் இந்தியக் கிராமங்களில் வேலைத் தேவை ஆண்டு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. வயல் வேலை ஓய்ந்த மே, ஜூன் மாதங்களில்தான் அது உச்சத்தை எட்டும். மழை விழுந்து நடவு தொடங்கியதும் இறங்கும். அந்த உச்சம் முழுவதும் முதல் பாதிக்குள்ளேயே அடங்குகிறது. சென்ற ஆண்டின் நிலுவையும் அதே பாதியில், அதே இனத்திலிருந்துதான் தீர்க்கப்பட வேண்டும். ஆகவே பணப்போக்கைச் சீராக்கும் ஒரு விதி, பாலம் கட்டும் துறைக்கு நல்ல ஒழுங்காகவும், வேலை தரும் துறைக்கு இறுகிய கயிறாகவும் அமைந்துவிடுகிறது. ஊழலைத் தடுக்கும் கருவியாகவும் வரம்பு உதவுவதில்லை. பணம் குறையும்போது போலிப் பெயர்களுக்கும் உண்மையான உழைப்பாளிக்கும் சேர்த்தே கூலி நிற்கிறது. அளவெடுப்பும் தணிக்கையும் செய்ய வேண்டிய வேலையை ஒதுக்கீட்டின் மேல் ஏற்றுவது பயன் தராது.

பழைய பாடங்கள்

தேவை எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாத செலவை ஆண்டுக் கணக்கில் அடக்கும் பிரச்சினை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்துக்குப் பின் ஆங்கில அரசு ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாயைப் பஞ்சக் காப்புக்கென ஒதுக்குவதாக அறிவித்தது. ஆப்கன் போர் வந்ததும் அந்த ஒதுக்கீடு தடுமாறியது. வரி மட்டும் தொடர்ந்தது. ஆனால் 1880ஆம் ஆண்டின் பஞ்சக் கமிஷனைத் தொடர்ந்து எழுந்த பஞ்ச விதித் தொகுப்புகளில் ஒரு நல்ல உத்தி இருந்தது. பஞ்சம் வந்துவிட்டதா என்ற ஐயம் எழும்போது சில இடங்களில் சோதனை வேலைகள் திறக்கப்படும். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைக் கண்ட பின்னரே பெரிய வேலைகளுக்கும் பணத்துக்கும் உத்தரவு பிறக்கும். மனிதாபிமானத்தில் குறைபாடுகள் பல கொண்ட அந்த விதிகளிலும், தேவையை அளந்து பணத்தைத் தொடரச் செய்யும் வரிசை சரியாகவே இருந்தது.

விடுதலைக்குப் பின் இதில் முன்னோடியான மாநிலம் மகாராஷ்டிரம். மேலவைத் தலைவராக இருந்த வி. எஸ். பாகே, சாங்க்லி மாவட்டத்துத் தாஸ்காவ் வட்டாரத்தில் 1965இல் சிறு அளவில் சோதித்துப் பார்த்த கருத்து, 1972ஆம் ஆண்டு வறட்சியின்போது மாநிலம் தழுவிய வேலை உறுதித் திட்டமாயிற்று. அதற்கான சட்டம் 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கெனவே 1975இல் தொழில் வரி விதிக்கப்பட்டது. நகரத்துச் சம்பளக்காரர் செலுத்திய வரியும், அதற்கு இணையாக மாநில அரசு தந்த பங்கும் தனி நிதியத்தில் சேர வழி செய்யப்பட்டது. நல்ல மழை ஆண்டில் மிஞ்சுவது மார்ச் 31ஆம் தேதியோடு கழிந்து போகாமல் வறட்சி ஆண்டுக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் தனி நிதியம் மட்டும் போதாது என்பதற்கும் மகாராஷ்டிரமே சாட்சி. 1988இல் குறைந்தபட்சக் கூலி இரட்டிப்பானதைத் தொடர்ந்து இத்திட்டத்தின் கூலியும் உயர்ந்தது. அதன் பின் வேலை பெற்றோர் எண்ணிக்கை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. மார்ட்டின் ரவாலியன், கௌரவ் தத், சுபம் சௌதரி ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டவருக்கெல்லாம் வேலை என்ற நிலை மாறி, வேலை பங்கிடப்பட்டதற்கான தடயங்களைக் காட்டினார்கள். எந்தச் சட்டத் திருத்தமும் இன்றி, எந்த ஆணையும் இன்றி, வேலைகளைத் திறக்காமல் விடுவதன் மூலமே செலவு வரம்புக்குள் நின்றது.

வேறோர் அணுகுமுறை பிரிட்டனில் உண்டு. 1998 முதல் அங்கே அரசுச் செலவு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. வேலைவாய்ப்பு அலுவலகங்களை நடத்துவது, பயிற்சி அளிப்பது, ஊழியர் சம்பளம் போன்றவை துறையின் கண்டிப்பான வரம்புக்குள் வருகின்றன. வேலையிழந்தோருக்கான உதவித்தொகை அந்த வரம்புக்கு வெளியே, ஆண்டுதோறும் தேவைக்கேற்ப மதிப்பிடப்படும் பிரிவில் நிற்கிறது. 2014இல் நலச் செலவுகளுக்குப் பொது உச்சவரம்பு ஒன்று விதிக்கப்பட்டபோதுகூட, பொருளாதாரம் சரியும்போது தானே உயரும் வேலையில்லாப் படி அதிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவின் நிலை வேறு, வருவாய் ஆதாரமும் வேறு; எனினும், அதிகாரிகளின் முடிவால் கூடிக்குறையும் செலவையும் குடிமக்களின் நிலையால் கூடிக்குறையும் செலவையும் ஒரே கயிற்றால் கட்டலாகாது என்ற பாகுபாடு எங்கும் பொருந்தக் கூடியதே.

திருத்தத்தைத் திருத்துதல்

இவற்றிலிருந்து சில நடைமுறை மாற்றங்கள் தெளிவாகின்றன. இவற்றுக்கு அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலம். துணை மானியக் கோரிக்கைகள் வழக்கமாக மழைக்காலக் கூட்டத் தொடரிலும், குளிர்காலத் தொடரிலும், மார்ச்சிலும் வைக்கப்படுவதுண்டு. அண்மையில் சில ஆண்டுகளில் டிசம்பருக்கு முன் கோரிக்கையே வைக்கப்படவில்லை. மே, ஜூன் மாதச் செலவு ஜூலையிலேயே தெரிந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையின் போக்கும் ஓரளவு புலப்படுகிறது. வேலைவாய்ப்பு இனத்துக்கான திருத்தம் மழைக்காலத் தொடரிலேயே நடந்தால், டிசம்பரில் கூலி நிற்கும் நிலை பெரும்பாலும் எழாது. தொகை அதேதான், நான்கு மாதம் முன்னால் வருகிறது, அவ்வளவே. கருவூலத்துக்கு இதனால் கூடுதல் இழப்பு என்று சொல்லத்தக்கது கடன் வட்டியில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

சென்ற ஆண்டு நிலுவையை இவ்வாண்டு ஒதுக்கீட்டிலிருந்து பிரித்துத் தனி வரியாகக் காட்டுவது இதற்கு அடுத்தது. 86,000 கோடி என்று படிக்கும் உறுப்பினருக்கு, அதில் எவ்வளவு ஏற்கெனவே செய்து முடிந்த வேலைக்கான கடன், எவ்வளவு இனி செய்யப்போகும் வேலைக்கு என்பது தெரிய வேண்டாமா? இது தெரிந்தாலன்றி ஒதுக்கீடு உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற வாதத்துக்கே அர்த்தமில்லை. மூன்றாவதாக, தேவையை அளக்கும் எண்ணைத் தூய்மைப்படுத்த வேண்டும். வேலை பெற்றவர் எண்ணிக்கை தேவையின் அளவாகாது. கேட்டு ரசீது பெற்றவர் எண்ணிக்கையே அளவு. தனி நிதியத்தைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டுச் சட்டமே 20ஆம் பிரிவில் தேசிய நிதியம் ஒன்றை அமைத்தது. அதற்கென வரி எதுவும் இல்லாததால், ஆண்டு ஒதுக்கீடு கடந்து செல்லும் வாயிலாக மட்டுமே அது இருந்து வந்தது.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய விக்சித் பாரத் ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்தப் பிரச்சினையை வேறிடத்துக்கு நகர்த்துகிறது. வேலை நாட்கள் 125 ஆக உயர்கின்றன. செலவைப் பெரும்பாலான மாநிலங்களுடன் 60:40 என்றும், வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களுடன் 90:10 என்றும் மத்திய அரசு பகிர்கிறது. வேளாண் உச்சப் பருவத்தில் மொத்தம் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டு ஒதுக்கீட்டின் அளவை மத்திய அரசு சில அளவுகோல்களின்படி முன்கூட்டியே நிர்ணயிக்கும். அதற்கு மேற்பட்ட செலவு மாநிலத்தையே சாரும். முந்தைய சட்டத்தில் நடைமுறையாக இருந்த வரம்பு இங்கே சட்டத்தின் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது. எல்லை தெரிந்திருப்பதால் மாநிலங்கள் திட்டமிட முடியும் என்பது இதற்கு ஆதரவான வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எல்லை தெரிந்திருப்பதால் தேவை எல்லைக்குள் நின்றுவிடப் போவதில்லை. வறட்சி வரும் ஆண்டில் ஒதுக்கீடு தீர்ந்த பின், மேற்கொண்டு வேலை கேட்பவருக்கு வேலை தருவதா, வேலையில்லாப் படி தருவதா, இரண்டுமின்றி மனுவை வாங்காமலிருப்பதா என்ற முடிவு இனி மாநிலத் தலைநகரில் எடுக்கப்படும். வறட்சியில் மாநிலத்தின் சொந்த வருவாயும் குறைந்திருக்கும்; மத்திய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் 293ஆம் பிரிவின்படி அதன் இசைவின்றி மேலும் கடன் வாங்கவும் இயலாது.

ஆகவே நடு ஆண்டுத் திருத்தத்தின் சுமை இனி 205ஆம் பிரிவின் மேல், அதாவது மாநிலச் சட்டமன்றங்களின் துணை மானியங்களின் மேல் விழுகிறது. அவ்வாண்டின் முதல் துணைக் கோரிக்கையை எந்த மாதத்தில் வைப்பது என்பதை ஒவ்வொரு மாநில நிதித் துறையும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. சட்டமன்றம் குளிர்காலத்தில் கூடும்வரை காத்திருந்தால், கோடையில் மண் சுமந்தவரின் கூலி அதுவரை நிலுவையிலேயே இருக்கும்.